குழாயில் தண்ணீர் வருகிறதா?

“மணாலியில பனியே இல்லையாம். டிக்கெட்டை வேற ஊருக்கு மாத்திடலாமா?”

நீங்கள் ஃபோனில் சொன்னது காதில் விழுந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஏசி பஸ், பக்கத்து சீட்டு, கண்ணாடியெல்லாம் மூடியிருக்கிறது, விழத்தானே செய்யும். பொதுவாக நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் மூன்று வருஷம் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கே என் குரல் எப்படி இருக்கும் என்று சரியாகத் தெரியாது. ஆனால் பனி என்று சொன்னீர்கள் பாருங்கள், அதனால்தான். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பிள்ளைகளுக்காகப் போகிறீர்களா? நல்லது. ஹோட்டல்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். ஹோட்டல்காரர், வண்டிக்காரர், டூர் கூட்டிப் போகிறவர், எல்லோரும் பனி இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். படமும் அனுப்புவார்கள். படம் நாலு வருஷத்துக்கு முந்தையதாக இருக்கும். போன வருஷம் பனி தேடியபோது நான் கேட்டது வேறு. “உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா?” அவ்வளவுதான். பனியைப் பற்றிப் பொய் சொல்கிறவர்கள் குழாயைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார்கள். அதில் ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. மணாலியில் ஒரு டீக்கடைக்காரர், வருகிறது, காலையிலேயே குளித்துவிட்டேன் என்றார். அந்த ஊரைப் பட்டியலில் அடித்துவிட்டேன். குல்மார்க்கில் வருகிறது. ஔலியில் வருகிறது. போன வருஷமும் இதே கதைதான், குளிர்காலமே வரவில்லை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மணாலிக்கு மேலே, சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஊர். வீட்டில் தங்க இடம் கொடுக்கிற ஓர் அம்மாள் ஃபோனை எடுத்தாள். குழாயா, அது உறைந்து கிடக்கிறது என்று சிரித்தாள். ஒரு மாதமாகப் பனிக்கட்டியை உடைத்து அடுப்பில் வைத்துத்தான் குடிக்கிறோம் என்றாள். சாயங்காலம் லாரிக்காரர்கள் டீசல் உறையாமலிருக்க டேங்குக்கு அடியில் நெருப்புப் போடுகிறார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. கிடைத்துவிட்டது!

புரிகிறதா உங்களுக்கு? மிதமான வருஷத்தில் புதுப் பனி விழாது. நவம்பரில் விழுந்தது கரையாமல் கிடக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். அது கரையாமல் கிடக்கிற இடம் எதுவோ அதுதான் உறுதியான இடம். ஊர்ப் பெயரை இறங்குவதற்குள் எழுதித் தருகிறேன். பேனா இருக்கிறதா உங்களிடம்? என்னிடம் எப்போதும் நோட்டும் பேனாவும் இருக்கும். இப்போது என் பழைய நோட்டு இல்லை.

என் கையில் மெஹந்தியைப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை, டிக்கெட் கிழித்தவர்கூடப் பார்த்தார். கல்யாணமெல்லாம் இல்லை. அதற்கும் வருகிறேன்.

நான் சினிமாவில் வேலை பார்க்கிறேன். நடிப்பு இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியுமே. கன்டினியூட்டி பார்ப்பது. முதல் ஷாட்டில் வலது தோளில் கிடந்த பின்னல் அடுத்த ஷாட்டில் இடது தோளுக்குப் போய்விடக் கூடாது. டம்ளரில் பாதி காபி இருந்தால் பாதியே இருக்க வேண்டும். எத்தனை வளையல், எந்தப் பக்கம் பொட்டு நகர்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பேசவே வேண்டாம், பார்த்தால் போதும். எனக்கென்றே யாரோ கண்டுபிடித்த வேலை மாதிரி. ஆனால் டைட்டிலில் பெயர் வராது. உதவி இயக்குநர் என்று போட்டால்தான் வரும். அதற்குத்தான் நாலு வருஷமாகக் காத்திருந்தேன்.

போன வருஷம் சத்தியசீலன் சார் படம். அவர்தான் இயக்குநர். பாட்டு ஒன்றுக்குப் பனி வேண்டும் என்றார். “பூரணி, தெர்மாகோலைத் தூவி எடுக்கிற பனி வேணாம்மா. நிஜப் பனி. அதுல அவ கையை விட்டு அள்ளணும். கை தெரியணும், மெஹந்தி தெரியணும், விரல் இடுக்குல பனி வழியணும். இடம் கண்டுபிடிச்சுக் குடு, டைட்டில்ல உன் பேரைப் போடறேன்” என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

நம் பாட்டுகள் உங்களுக்குத் தெரியும். ஹீரோவுக்குத் தோல் ஜாக்கெட், கழுத்தில் மஃப்ளர், கையுறை, பூட்ஸ். ஹீரோயினுக்கு ஷிஃபான் புடவை, கையில்லாத ரவிக்கை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. புடவை காற்றில் பறந்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹீரோயின் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், முக ஷாட்டுக்கு மட்டும்தான் வெளியே வருவேன், பனியைத் தொட மாட்டேன் என்று. அப்புறம் ஹீட்டர் போட்ட வேனை விட்டு இறங்கவில்லை. தூரத்து ஷாட்டெல்லாம் டூப். கை ஷாட்டும் டூப்.

அந்த டூப்தான் ஜெசிந்தா. ராயபுரம் பொண்ணு. குரூப் டான்சர். படம் இல்லாத நாட்களில் கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு மெஹந்தி போடுவாள். அதுதான் அவளுக்கு நிஜமான பிழைப்பு என்று நினைக்கிறேன். என்ன கை தெரியுமா! ஹீரோயின் மேடம் கைக்கும் தன் கைக்கும் ஒரே டிசைனை, ஒரு புள்ளி பிசகாமல் அவளே போட்டாள். இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே எது யாருடையது என்று ஒரு விநாடி தடுமாறிவிட்டது. ஹீரோயின் கைக்கு வலது கையால் போட்டாள், தன் வலது கைக்கு இடது கையால் போட்டுக்கொண்டாள். அப்படி ஒரு கை.

விமான நிலையத்தில் கேட்டாள். “அக்கா, அங்க ரொம்பக் குளுருமாக்கா? எங்கம்மா கம்பளி கிளவுஸ் வாங்கிக் குடுத்திருக்கு, பாரேன், கொரங்கு கை மாதிரி இருக்கு.”

நான் பொய் சொல்லவில்லை. “இந்த வருஷம் குளிர்காலமே மிதம்தான்னு பேப்பர்ல போட்டிருக்காங்க” என்றேன். பேப்பரில் போட்டுத்தான் இருந்தது. குழாய் விஷயம் அவள் கேட்கவில்லை.

போய் இறங்கினதும் சார் அந்த வெள்ளையைப் பார்த்தார். வானத்துக்கும் தரைக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. என் தலையில் கையை வைத்து, “உதவி இயக்குநர் பூரணி” என்றார். மைனஸ் பதினாலு டிகிரி. அதையும் நோட்டில் முதல் வரியாக எழுதினேன். தேதி, நேரம், டிகிரி. என் நோட்டில் எல்லாம் இருக்கும்.

கை ஷாட் இரண்டாவது நாள். காலையில் ஜெசிந்தா கையுறையோடு வந்தாள். கழற்றினால் மணிக்கட்டில் எலாஸ்டிக் தடம், வளையம் மாதிரி. மெஹந்தி மேல் கம்பளி நூல் வேறு ஒட்டியிருந்தது. அதெல்லாம் திரையில் பூசணிக்காய் அளவு தெரியும். “ஷாட்டுக்கு நடுவுல கிளவுஸ் வேண்டாம், தடம் விழுது” என்றேன். அவள் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பத்திரமாக வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நானே போட்டுக்கொண்டேன். எனக்கும் குளிரத்தானே செய்யும்? நான் எழுத வேண்டியவள். விரல் விறைத்தால் பேனா பிடிக்க முடியாது.

பனியை அள்ள வேண்டும், மேலே தூக்க வேண்டும், மெதுவாக விரல் இடுக்கில் விட வேண்டும். கேட்க ஒன்றுமில்லை. ஆனால் பழைய பனி கல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் கடப்பாரையால் கொத்தி, பொடித்துப் போட்டார்கள். மூன்றாவது டேக்கில் ஃபோகஸ் போயிற்று. நாலாவதில் அவள் “அம்மா” என்றுவிட்டாள். ஒலிப்பதிவு இல்லை, பாட்டுதானே, ஆனால் கை உதறிவிட்டது. சார் கத்தினார். “ஏம்மா, பனியை அள்ளச் சொன்னா தீயை அள்ளுற மாதிரி பண்றே?” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நல்ல பொண்ணுதான் அப்போதெல்லாம்.

என் நோட்டில் இப்படி இருக்கும்: டேக் 7, விரல் சிவப்பு, மெஹந்தியோடு நன்றாக இருக்கிறது. டேக் 8, சிவப்பு. டேக் 9, வலது கையில் மூன்று விரல் நுனி வெள்ளை, மெழுகுவர்த்தி போல. ஆள்காட்டி, நடு, மோதிர விரல். மேட்ச் ஆகாது.

வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை. கேமராமேனுக்குப் படவில்லை, சாருக்குப் படவில்லை. நான்தான் போய் சார் காதில் சொன்னேன். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மேக்கப் தேவராஜ் அண்ணனைக் கூப்பிட்டு அந்த மூன்று விரலுக்கும் ரூஜ் தேய்க்கச் சொன்னோம். தேய்த்துக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து, “பூரணி, நான் அழுத்தித் தேய்க்கிறேன், இந்தப் பொண்ணுக்குத் தெரியவே மாட்டேங்குதும்மா” என்றார்.

“வலிக்கலைன்னா நல்லதுதானே அண்ணே” என்றேன்.

“விறகுக் கட்டையைத் தேய்க்கிற மாதிரி இருக்கு. எனக்கு என்னமோ சரியாப் படல.”

ரூஜ் ஒட்டவில்லை. வெள்ளை மேல் சிவப்பு பூசினால் பொம்மை கை மாதிரி இருந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை. நானாகச் சொன்ன யோசனை, நாலு வருஷத்தில் முதல் தடவை. அந்த அம்மாள் வீட்டு இரும்பு அடுப்பில் கையைக் காட்டினால் நிஜச் சிவப்பே வந்துவிடுமே! கூட்டிக்கொண்டு போனேன். கால் மணி நேரம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் விரலில் சிவப்பு ஏறியது, ஏற ஏற ஜெசிந்தா தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். “அக்கா, எரியுதுக்கா, ஊசி ஊசியாக் குத்துது, எடுக்கட்டுமாக்கா?” என்றாள். “இன்னும் கொஞ்சம், நகம்வரைக்கும் வரட்டும்” என்றேன். நான்தான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தனியாக விடவில்லை.

அந்த வீட்டு அம்மாள் ஓடிவந்தாள். ஜெசிந்தா கையைப் பார்த்து, என் பக்கம் திரும்பி ஹிந்தியில் படபடவென்று பேசினாள். அங்கே ஹிந்தி தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஸ்கூல் படிக்கும்போதே நாலு பரீட்சை எழுதியிருக்கிறேன். ஒரு தடவை சூடு காட்டிய விரலைத் திரும்பப் பனியில் விடக் கூடாதாம். விட்டால் விரல் போய்விடுமாம். அவள் புருஷனுக்குக் கால் விரல் அப்படித்தான் போனதாம். உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

வாசலில் சார் நின்றுகொண்டிருந்தார். “என்னம்மா சொல்றாங்க?”

நீங்களே சொல்லுங்கள், நான் டாக்டரா? அந்த அம்மாள் டாக்டரா? மூன்றரை மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். வாசலில் முப்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். கூட்டத்தில் சத்தமாகப் பேச எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

“கை ஜில்லுனு இருக்குன்னு சொல்றாங்க சார்” என்றேன்.

ஜெசிந்தா என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு ஹிந்தி தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

டேக் 10, விரல் சிவப்பு, மேட்ச். டேக் 11, மறுபடி வெள்ளை. அடுப்பு. டேக் 12 ஓகே. அந்த ஷாட்டைத் திரையில் பாருங்கள், பொங்கலுக்குப் படம் வருகிறது. டிரெய்லரில் முதல் ஷாட்டே அதுதான். அவ்வளவு அழகான கை.

மறுநாள் விரலெல்லாம் கொப்புளம். சென்னைக்கு வந்தபோது கறுத்துவிட்டது. டாக்டர்கள் காத்திருந்து பார்த்தார்கள், மாதக்கணக்கில் பார்த்தார்கள், கடைசியில் மூன்றையும் முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். உரித்துக்கூட வைத்தேன்.

ஆனால் பாருங்கள், படம் வெளிவருகிற நேரம் பார்த்து அவள் எங்கள் சினிமா சங்கத்தில் புகார் கொடுத்தாள். கையுறையைப் பிடுங்கிக்கொண்டார்கள், தெரிந்தே திரும்பத் திரும்பப் பனியில் விட்டார்கள் என்று. தெரிந்தே என்ற சொல் எனக்கு ரொம்ப வலித்தது. வியாழக்கிழமை விசாரணை, கன்டினியூட்டி நோட்டைக் கொண்டுவர வேண்டும் என்று சங்கத்திலிருந்து கடிதம். சார் என்னைக் கூப்பிட்டார். “பூரணி, அந்த நோட்டுல தேவையில்லாததெல்லாம் எழுதி வெச்சிருக்கே. புதுசா ஒண்ணு எழுதிடு. அடுத்த படத்துல நீ இணை இயக்குநர்” என்றார்.

எழுதினேன். அதே மாதிரி பச்சை அட்டை நோட்டு, அதே பேனா. டிகிரியை மாற்றினேன், அடுப்பை எடுத்தேன், வெள்ளையை எடுத்தேன். புதிதாகத் தெரியக் கூடாதென்று ஒவ்வொரு பக்கத்திலும் பஞ்சில் டீத்தண்ணீர் தொட்டு ஒற்றி, இஸ்திரி போட்டேன். கன்டினியூட்டி பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? பழசைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன், அது என் கையெழுத்து. இரண்டும் என் பையிலேயே இருந்தன.

புதன்கிழமை மத்தியானம் ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். கையுறை கொடுக்கப்பட்டது, அணிந்துகொள்ளாதது என் விருப்பம் என்று அவள் சொல்வதுபோல் அடித்த ஒரு கடிதம் சார் கொடுத்திருந்தார். அவள் கையெழுத்துப் போட்டால் விசாரணையே இல்லாமல் முடிந்துவிடும். அவளுக்கும் நல்லது, சார் டப்பிங் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். மாடியில் ஒற்றை அறை. அவள் அம்மா வீட்டில் இல்லை. சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் சண்டையே போடவில்லை. காபி கொடுத்தாள். டம்ளரை இடது கையில் நீட்டினாள்.

கடிதத்தைப் படித்தாள். “நோட்டுல இன்னாக்கா எழுதியிருந்தே அன்னிக்கு? என் விரலைப் பத்தி எழுதினியே, பாத்தேன்.”

“எல்லாந்தான் எழுதுவேன். என் வேலையே அதுதானே.”

“வெச்சிருக்கியா?”

பையைத் தட்டிக் காட்டினேன். “நாளைக்குக் கொண்டு போறேனே. புத்தம்புது மாதிரி வெச்சிருக்கேன், டீக்கறைதான் கொஞ்சம்” என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் புரியவில்லை. பேசாதவர்கள் பேசினால் இப்படித்தான் ஆகிறது.

“சரிக்கா. போட்டுத் தர்றேன்” என்றாள். “அதுக்கு முன்னாடி உன் கையைக் குடு. ஒரு மெஹந்தி போட்டு வுடறேன். இந்தக் கையால முடியுதான்னு பாக்கணும். வேற யாரும் கை குடுக்க மாட்டேங்கிறாங்க.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் கொடுத்தேன். தரையில் சொட்டக் கூடாதென்று அந்தக் கடிதத்தையே என் கைக்கு அடியில் விரித்தாள். “இன்னாக்கா பாக்கறே, வேற அடிச்சுக் கொண்டாந்தாப் போச்சு” என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

கோனைக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். கோடு நடுங்கியது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதலில் இடது கை, பாருங்கள், கொடி, மயில் கண், முழங்கை வரைக்கும். அப்புறம் வலது. உள்ளங்கை முடிந்ததும் விரலுக்குத் தொப்பி வைத்தாள். நம் வீடுகளில் மருதாணிக்கு வைப்போமே, அது மாதிரி. ஆனால் அஞ்சுக்கும் வைக்கவில்லை. ஆள்காட்டி, நடு, மோதிரம். இதோ பாருங்கள், முதல் கணு வரைக்கும், நுனி தெரியாமல் மொத்தமாக அப்பியிருக்கிறாள். கட்டை விரலும் சுண்டு விரலும் சும்மா கிடக்கின்றன. பாவம், முன்னே மாதிரி டிசைன் வரவில்லை, பாதியில் அலுத்துவிட்டது என்று நினைத்தேன். சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று, நன்றாக இருக்கிறது என்றேன்.

“காயட்டும்கா. எதையும் தொட்றாதே, கலைஞ்சிடும்” என்றாள்.

நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் முடி விழுந்து அரித்தது, அதைக்கூடத் தள்ள முடியவில்லை. அவள் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். வந்து என் பையை எடுத்தாள். ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். இரண்டு பச்சை நோட்டையும் வெளியே எடுத்தாள். ஜெசிந்தா, ஜெசிந்தா என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது. எழுந்திருக்கலாம், பிடுங்கலாம், ஆனால் கை முழுக்க ஈரம், அவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்து போட்டது.

அவள் ஒரு நோட்டைப் பிரித்து மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். டீ வாசனை வந்ததும் அதை என் மடியில் வைத்தாள். இன்னொன்றை முகர்ந்தாள். அதை இடுப்பில் செருகி, முந்தானையால் மூடி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சங்கத்துக்குப் போகிற பக்கமாகத் தெருவில் நடந்து போனாள்.